1,100 டாலர் குதிரை: பேரல் ரேஸிங் வரலாறு கொஞ்சம்

"யானை விலை குதிரை விலை சொல்றான்" என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. கத்தரிக்காய் விலை ஏறினாலும் இதைத்தான் சொல்வோம். உண்மையிலேயே குதிரைக்கு என்ன விலை, அதை யார் வைக்கிறார்கள், வாங்கப் போகிறவர் எதைப் பார்த்து வாங்குகிறார் என்று யோசித்திருக்கிறீர்களா? அமெரிக்காவில் பேரல் ரேஸிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. அதற்குக் குதிரை வாங்கும் கதையைத் தேடிப் போனால், அது பெண்கள் தங்கள் பரிசுப் பணத்துக்காக ஐம்பது வருடம் போராடிய கதையில் போய் முடிகிறது. அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளமான கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில், பேரல் ரேஸிங் என்றால் என்ன?

மைதானத்தில் மூன்று இரும்பு டிரம்களை முக்கோணமாக வைப்பார்கள். 55 கேலன் டிரம், அதாவது கிட்டத்தட்ட 200 லிட்டர். நம் ஊரில் தண்ணீர் பிடித்து வைக்கவும், ரோடு போடும்போது தார் கொண்டு வரவும் பயன்படுகிற அதே சைஸ். குதிரையில் வேகமாக உள்ளே வந்து, முதல் டிரம்மை ஒரு பக்கமாகச் சுற்றி, மற்ற இரண்டையும் எதிர்ப்பக்கமாகச் சுற்றி, வந்த வழியே பறந்து வெளியே போக வேண்டும். மேலிருந்து பார்த்தால் மூன்று இதழ் கொண்ட இலை மாதிரி தெரியும்.

முதல் இரண்டு டிரம்களுக்கு இடையே 90 அடி. அவை ஒவ்வொன்றிலிருந்தும் மூன்றாவது டிரம்முக்கு 105 அடி. ஆரம்பக் கோட்டிலிருந்து முதல் டிரம்முக்கு 60 அடி. இதுதான் முறையான அளவு. இந்த அளவில் நல்ல குதிரை சுமார் 17 விநாடியில் முடித்துவிடும். லாஸ் வேகஸில் நடக்கும் தேசிய இறுதிப் போட்டியின் அரங்கம் சிறியது என்பதால் அங்கே 13, 14 விநாடிதான். டிரம்மை இடித்துக் கீழே தள்ளினால் 5 விநாடி அபராதம். நூறில் ஒரு பங்கு விநாடியில் வெற்றி தோல்வி முடிவாகும் விளையாட்டில் 5 விநாடி என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம்.

இதில் நடுவருக்குப் பெரிய வேலை இல்லை. அழகு, ஸ்டைல், சிரிப்பு எதற்கும் மதிப்பெண் கிடையாது. கடிகாரம் சொல்வதுதான் தீர்ப்பு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கொசுவர்த்திச் சுருளைச் சுற்றிக்கொள்ளுங்கள்: 1929

ரோடியோ என்பது மேய்ச்சல் நிலத்தில் வேலை செய்த மாட்டுக்காரர்களின் வேலைத்திறன் போட்டியாகி, பிறகு காசு கொடுத்துப் பார்க்கும் காட்சியாக வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதில் பெண்களும் இருந்தார்கள். அதுவும் ஓரமாக நின்று கைதட்டியவர்களாக இல்லை. அடங்காத குதிரைமேல் ஏறி அது துள்ளத் துள்ள உட்கார்ந்திருக்கும் போட்டியிலேயே இருந்தார்கள். லூசில் மல்ஹால், டாட் லூகாஸ் போன்றவர்கள் அந்தக் காலத்தின் நட்சத்திரங்கள்.

1929 செப்டம்பரில் ஆரிகன் மாநிலத்தின் பெண்டில்டன் ரோடியோவில் பானி மெக்காரல் என்ற வீராங்கனை துள்ளும் குதிரையிலிருந்து விழுந்தார். அப்போது பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சேணத்தின் இரண்டு பக்க அங்கவடிகளையும் குதிரையின் வயிற்றுக்குக் கீழே ஒரு வாரால் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அப்படிச் செய்தால் உட்கார்ந்திருப்பது சுலபம் என்ற எண்ணம். விழும்போது அதுவே எமனாகிவிடும். கால் சட்டென்று வெளியே வராது. மெக்காரலின் கால் மாட்டிக்கொண்டது. சில நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனார்.

அதன்பிறகு பெண்டில்டன் அந்தப் பெண்கள் போட்டியையே நிறுத்திவிட்டது. மற்ற ஊர்களும் மெல்ல மெல்லக் கைவிட்டன. ரோடியோவில் ஆண்களும் செத்திருக்கிறார்கள். ஆனால் அதற்காக ஆண்கள் போட்டியை யாரும் மூடவில்லை. கட்டிய வாரை அவிழ்க்கச் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் பெண்களை வெளியே அனுப்பினார்கள். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அந்தக் கதைதான்.

நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் ரோடியோ அந்தக் காலத்தில் மிகப் பெரியது. 1941க்குப் பிறகு அங்கும் பெண்களின் துள்ளும் குதிரைப் போட்டி இல்லை.

அழகுக்கு மதிப்பெண்

அப்படியானால் பெண்கள் ரோடியோவிலிருந்து முழுதாகக் காணாமல் போனார்களா? இல்லை. வேறு ஒரு வேடத்தில் உள்ளே வந்தார்கள்.

டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்டாம்ஃபோர்ட் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1930ல் 'டெக்சாஸ் கவ்பாய் ரீயூனியன்' என்ற ரோடியோ தொடங்கியது. மறுவருடம், சுற்றியுள்ள ஊர்களும் பண்ணைகளும் தங்கள் சார்பில் ஆளுக்கு ஒரு பெண்ணை அனுப்பலாம் என்றார்கள். இவர்களுக்கு 'ஸ்பான்சர் கேர்ள்ஸ்' என்று பெயர். ஊர்வலத்தில் வருவது, விழாவுக்குக் களை சேர்ப்பது எல்லாம் இவர்கள் வேலை. கூடவே ஒரு போட்டியும் உண்டு. யார் குதிரை அழகு, யார் உடை அழகு, யார் நன்றாகச் சவாரி செய்கிறார் என்று நடுவர்கள் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். சவாரியைப் பார்ப்பதற்காக டிரம்களைச் சுற்றி வரச் சொன்னார்கள்.

பேரல் ரேஸிங்கின் விதை இதுதான். கவனியுங்கள், அந்தக் கட்டத்தில் இது பந்தயம்கூட இல்லை. உடைக்கும் சேர்த்து மதிப்பெண் போடும் ஒரு அணிவகுப்பு.

அப்போது இந்தப் பெண்கள் ஏறி வந்த குதிரை எது? வீட்டுக் குதிரை. அப்பாவோ அண்ணனோ பண்ணையில் மாடு மடக்கப் பயன்படுத்தும் குதிரை. இந்தப் போட்டிக்கென்று தனியாகக் குதிரை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. வாங்கினால் அந்தக் காசைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. பேரல் குதிரைக்கு என்று ஒரு சந்தை அன்றைக்கு இல்லாததற்குக் காரணம் இதுதான்.

38 பெண்கள், ஒரு கூட்டம்

இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் சண்டைக்குப் போன காலத்தில் பண்ணை வேலை முழுவதும் பல வீடுகளில் பெண்கள் தலையில் விழுந்தது. மாடு மடக்கினார்கள், கயிறு வீசினார்கள், கன்றுக்குச் சூடு போட்டார்கள். போர் முடிந்ததும் "சரி, இனி ஊர்வலத்தில் கையசைத்துக்கொண்டு வாருங்கள்" என்றால் யாருக்குப் பிடிக்கும்?

1947ல் நான்சி பின்ஃபோர்ட், தீனா மே ஃபார் என்ற இரண்டு பெண்கள் டெக்சாஸின் அமரில்லோவில் பெண்கள் மட்டுமே போட்டியிடும் ஒரு ரோடியோவை நடத்தினார்கள். நன்றாக ஓடியது. அந்தத் தெம்பில் 1948 பிப்ரவரி 28 அன்று சான் ஆஞ்சலோ நகர ஓட்டல் ஒன்றில் 38 பெண்கள் கூடி 'கேர்ள்ஸ் ரோடியோ அசோசியேஷன்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. விதிகள் வேண்டும், நேர்மையான போட்டி வேண்டும், உண்மையான பரிசுப் பணம் வேண்டும்.

முதல் வருடக் கணக்கைப் பாருங்கள். 74 உறுப்பினர்கள். 60 போட்டிகள். மொத்தப் பரிசுப் பணம் 29,000 டாலர். போட்டிக்குப் பிரித்தால் ஐந்நூறு டாலர்கூடத் தேறாது. அதையும் வென்றவர்கள் பங்கு போட வேண்டும். ஆனாலும் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது. உடைக்கு மதிப்பெண் போடும் நடுவர் வெளியே போய், கடிகாரம் உள்ளே வந்தது. பேரல் ரேஸிங் முழுக்க முழுக்க நேரப் பந்தயமாக மாறியது.

இன்னொரு ஒப்பீடு. பெண்கள் கோல்ஃப் சங்கமான எல்.பி.ஜி.ஏ. பிறந்தது 1950ல். பெண்கள் டென்னிஸ் சங்கம் 1973ல். இந்த டெக்சாஸ் பெண்கள் இரண்டுக்கும் முன்னோடிகள்! 1981ல் இவர்கள் சங்கத்தின் பெயர் 'விமன்ஸ் புரொஃபஷனல் ரோடியோ அசோசியேஷன்' என்று மாறியது. இன்றும் இயங்குகிறது.

கடிகாரம் வந்தால் குதிரை மாறும்

அழகுக்கு மதிப்பெண் என்றால் அழகான குதிரை போதும். நேரத்துக்குப் பரிசு என்றால்? வேகமாக ஓடும், சட்டென்று நிற்கும், உடம்பை வளைத்துத் திரும்பும், திரும்பிய கையோடு மறுபடி பாயும் குதிரை வேண்டும். நீண்ட தூரம் ஓடும் பந்தயக் குதிரைக்கு இது சரிப்படாது. இதற்கென்றே பிறந்த மாதிரி ஒரு இனம் இருந்தது. அதுதான் குவார்ட்டர் ஹார்ஸ். கால் மைல் தூரப் பந்தயத்தில் கெட்டி என்பதால் அந்தப் பெயர். பின்தொடை கட்டுமஸ்தாக இருக்கும். மாட்டோடு மல்லுக்கட்டிப் பழகிய இனம் என்பதால் திரும்புவதில் சூரன்.

1940ல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. குதிரைகளுக்கு ஜாதகம் எழுத ஆரம்பித்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குதிரைக்கு எந்த அப்பா, எந்த அம்மா, எந்தத் தாத்தா எல்லாம் பதிவாகும். 1941 ஃபோர்ட் வொர்த் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய 'விம்பி' என்ற குதிரைக்கு ஒன்றாம் எண் கிடைத்தது. அதன்பிறகு குதிரை வாங்குகிறவர் குதிரையை மட்டும் பார்க்கவில்லை, கையில் இருக்கும் காகிதத்தையும் பார்த்தார். இன்று விற்பனை விளம்பரங்களில் 'சன் ஃபிராஸ்ட் வம்சம்', 'டேஷ் டா ஃபேம் வம்சம்' என்றுதான் முதலில் போடுகிறார்கள். டேஷ் டா ஃபேம் என்பது ஃபர்ஸ்ட் டவுன் டேஷ் என்ற புகழ்பெற்ற ஓட்டக் குதிரையின் மகன். பெயர்களைப் பார்த்தாலே நம் ஊர் பரம்பரைப் பேச்சு ஞாபகம் வருகிறது, இல்லையா?

ஆனால் ஜாதகம் எப்போதும் பலிக்குமா? அங்கேதான் நம் கதாநாயகன் வருகிறான்.

ஸ்காம்பர்

நியூ மெக்சிகோ மாநிலத்தின் கிளேட்டன் என்ற சிறிய ஊர். ஷார்மெய்ன் ஜேம்ஸ் என்ற 12 வயதுப் பெண். அவளுக்கு ஒரு பேரல் குதிரை தேவைப்பட்டது. அப்பா 1982ல் ஒரு பழுப்பு நிறக் குதிரையை 1,100 டாலருக்கு வாங்கிக் கொடுத்தார். பதிவுப் பெயர் 'கில்ஸ் பே பாய்'. பிறந்தது 1977ல். பல கை மாறி வந்த குதிரை. துள்ளி ஆளைத் தள்ளிவிடும் என்ற கெட்ட பெயர் வேறு. காயடிக்கப்பட்டது என்பதால் இனப்பெருக்கத்துக்கும் உதவாது. சந்தைக் கணக்கில் பார்த்தால் 'வேண்டாம்' என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. வீட்டில் அதற்கு வைத்த பெயர் ஸ்காம்பர்.

இரண்டு வருடம் கழித்து, 1984ல், 14 வயதில் ஷார்மெய்ன் உலகச் சாம்பியன். அடுத்த வருடமும். அதற்கடுத்த வருடமும். 1984 முதல் 1993 வரை வரிசையாகப் பத்து உலகப் பட்டங்கள், எல்லாம் அதே குதிரைமேல்!

1985 தேசிய இறுதிப் போட்டியில் நடந்ததை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். ஏழாவது சுற்று. ஸ்காம்பர் உள்ளே பாயும்போதே கடிவாளத்தின் தலைவார் கழன்றுவிட்டது. ஓட ஓட அது கீழே நழுவி, கடைசியில் வாயில் இருந்த இரும்பையும் குதிரை துப்பிவிட்டது. பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. குதிரை தானாகவே மூன்று டிரம்மையும் சுற்றியது. நேரம் 14.40 விநாடி. அந்தச் சுற்றில் முதல் இடமும் அதற்கே!

1987ல் இன்னொன்று நடந்தது. தேசிய இறுதிப் போட்டியில் முதுகில் ஒட்டும் எண்கள் அந்த வருடச் சம்பாத்தியத்தை வைத்துத் தரப்படும். ஆண் பெண் எல்லோரையும் சேர்த்து யார் அதிகம் சம்பாதித்தாரோ அவருக்கு 1. அந்த எண்ணை வாங்கிய முதல் பெண் ஷார்மெய்ன். 1990ல் மொத்தச் சம்பாத்தியம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. பேரல் ரேஸிங்கில் அதுவரை யாரும் தொடாத தொகை. 1996ல் ஸ்காம்பரை புரோ ரோடியோ ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 2012 ஜூலை 4 அன்று 35 வயதில் இறந்தது. குதிரைக்கு அது நல்ல முதிர்ந்த வயது.

சம்பளம் வந்த கதை

ஸ்காம்பர் பத்து லட்சம் சம்பாதிக்க, முதலில் சம்பாதிக்க இடம் வேண்டுமே. அது தானாக வரவில்லை.

ஆண்களுக்கான தேசிய இறுதிப் போட்டி 1959ல் தொடங்கியது. பேரல் பெண்களுக்கு அங்கே இடமில்லை. தங்கள் இறுதிப் போட்டியைத் தனியாக, வேறு ஊரில் நடத்திக்கொண்டார்கள். பல வருடப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு 1967ல்தான் ஓக்லஹோமா சிட்டியில் நடந்த தேசிய இறுதிப் போட்டிக்குள் பேரல் ரேஸிங் நுழைந்தது. நுழைந்தாலும் பரிசு ஆண்களின் பிரிவுகளைவிடக் குறைவு. அதே மைதானம், அதே ரசிகர்கள், அதே டிக்கெட். சம்பளம் மட்டும் வேறு.

1980ல் சங்கம் ஒரு முடிவு எடுத்தது. 1985க்குள் சமமான பரிசு தராத ரோடியோக்களில் நாங்கள் இறங்க மாட்டோம் என்று அறிவித்தார்கள். துணிச்சலான அறிவிப்புதான். ஏனென்றால் "சரி, வராதீர்கள்" என்று சொல்லிவிட்டால் நஷ்டம் இவர்களுக்குத்தான். 1929க்குப் பிறகு அப்படித்தானே நடந்தது! ஆனால் இந்த முறை கூட்டம் பேரல் ரேஸிங்கைப் பார்க்க வந்துகொண்டிருந்தது. பெரும்பாலான ரோடியோக்கள் வழிக்கு வந்தன. தேசிய இறுதிப் போட்டியில் முழுச் சமம் வர 1998 ஆனது. விம்பிள்டன் டென்னிஸில் ஆண் பெண் பரிசு சமமானது 2007ல்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்று அந்தப் போட்டியில் ஒரே ஒரு சுற்றை வென்றாலே 30,000 டாலருக்கு மேல். பத்து இரவு, பத்து சுற்று. 1948ல் ஒரு வருடம் முழுக்க நடந்த 60 போட்டிகளின் மொத்தப் பணத்தை இன்று 14 விநாடியில் சம்பாதிக்கலாம். (பணவீக்கத்தைக் கணக்கில் எடுக்காமல் சொல்கிறேன். பொருளாதாரம் படிக்கிற நண்பர்கள் அடிக்க வர வேண்டாம்!)

பரிசு ஏறியது, குதிரை விலையும் ஏறியது

என் கணக்கு இதுதான். பரிசு இல்லாத காலத்தில் குதிரை வீட்டுக் கொட்டிலில் இருந்து வந்தது. பரிசு வந்ததும் குதிரை சந்தைக்கு வந்தது. பேரலுக்கென்றே இனம் பெருக்குகிறவர்கள், பேரலுக்கென்றே பயிற்சி கொடுப்பவர்கள், அனுபவமில்லாத இளம் குதிரைகளுக்கு மட்டும் நடக்கும் 'ஃப்யூச்சுரிட்டி' போட்டிகள் என்று ஒரு பெரிய தொழிலே வளர்ந்தது. இன்று ஓரளவு பயிற்சி பெற்ற பேரல் குதிரைக்கே பல ஆயிரம் டாலர். பெரிய மேடையில் ஜெயிக்கக்கூடியது என்றால் லட்சம் டாலரைத் தாண்டும்.

இவ்வளவு கொடுத்து வாங்குகிறவர் என்னென்ன பார்க்கிறார்? தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. காசு கொடுத்து வாங்கும் குதிரையைப் பல்லிலிருந்து குளம்பு வரை பார்த்தே ஆக வேண்டும்.

* பல். வயதைச் சொல்லும். காகிதத்தில் உள்ள வயதோடு ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார்கள்.

* கால். டிரம்மைச் சுற்றும்போது முழு எடையும் பின்காலில் இறங்கும். அதனால் பின்கால் மூட்டையும் முன்குளம்பையும் எக்ஸ்ரே எடுப்பார்கள். கால்நடை மருத்துவர் காலைச் சுமார் ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு, உடனே ஓடவிட்டுப் பார்ப்பார். நொண்டினால் உள்ளே ஏதோ இருக்கிறது.

* ரத்தம். விற்கிறவர் வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைத்திருக்கலாம். ரத்தம் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். லெராய் காகின்ஸ் என்ற மருத்துவர் 1970ல் கண்டுபிடித்த தொற்றுச் சோகைச் சோதனையும் உண்டு. மாநில எல்லை தாண்டிக் குதிரையைக் கொண்டுபோக அந்தச் சான்றிதழ் கேட்பார்கள்.

* மரபணு. 1969ல் பிறந்த 'இம்ப்ரெசிவ்' என்ற குதிரை உடற்கட்டுப் போட்டிகளில் கலக்கியது. அதன் வம்சம் நாடு முழுக்கப் பரவியது. பிறகுதான் தெரிந்தது, தசை திடீரென்று வெட்டி இழுக்கும் ஒரு பரம்பரை நோயும் கூடவே பரவியிருக்கிறது என்று. 1992ல் மரபணுச் சோதனை வந்தது. இரண்டு பக்கமும் அந்தக் குறை வந்த குட்டிகளை, 2007 முதல் பிறந்தவற்றில், குவார்ட்டர் ஹார்ஸ் சங்கம் பதிவு செய்வதில்லை. அழகுக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு குதிரைகளிலேயே ஒரு உதாரணம்!

* மனம். சில குதிரைகள் ஊருக்குள் நன்றாக ஓடும். போட்டி மைதானத்தின் வாசலைப் பார்த்ததும் நின்றுவிடும், அல்லது பின்காலில் எழும்பும். அதனால் விற்பவர் வீட்டில் ஓட்டிப் பார்த்தால் போதாது, வேறு மைதானத்திலும் ஓட்டிப் பார் என்பது அங்கே அனுபவசாலிகள் சொல்லும் பாடம்.

கடைசியாக, வாங்குகிறவர் தன்னையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 17 விநாடியில் ஓடும் குதிரையை நேற்று சவாரி கற்றவர் வாங்கினால் முதல் டிரம்மிலேயே குதிரை ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். புதிதாகக் கற்கிறவருக்கு வயதான, நிதானமான, வேலை தெரிந்த குதிரைதான் நல்ல வாத்தியார்.

ஒரு குதிரை, இரண்டு விலை

ஸ்காம்பர் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அது காயடிக்கப்பட்ட குதிரை, குட்டி இல்லை. அந்த வேகம் அதோடு முடிந்துவிடக்கூடாது என்று ஷார்மெய்ன் குளோனிங் செய்தார். 2006ல் ஸ்காம்பரின் நகல் பிறந்தது. தன் ஊர்ப் பெயரையே வைத்தார், கிளேட்டன் என்று. அப்போது வந்த செய்திகளின்படி செலவு சுமார் 1,50,000 டாலர். அசல் 1,100, நகல் ஒன்றரை லட்சம். நூற்று முப்பது மடங்குக்கும் மேல்! கிளேட்டனைப் போட்டிக்கு விடவில்லை, பொலிகுதிரையாக வைத்துக்கொண்டார்.

குவார்ட்டர் ஹார்ஸ் சங்கம் குளோன்களைப் பதிவு செய்ய மறுத்தது. வழக்கு போனது. 2013ல் ஜூரி சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது, 2015ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிச் சங்கத்தின் பக்கம் நின்றது. ஆனால் பேரல் ரேஸிங்கில் ஓட ஜாதகம் கட்டாயம் இல்லை. கடிகாரம் அப்பா பெயர் கேட்பதில்லை.

அப்படியானால் பணம் இல்லாதவர்?

இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெண்கள் சமமான பரிசு கேட்டார்கள், வாங்கினார்கள். நியாயம். ஆனால் பரிசு ஏற ஏறக் குதிரை விலையும் ஏறி, கடைசியில் பணக்கார வீட்டுப் பெண்கள் மட்டும் ஓடும் விளையாட்டாகிவிட்டால், 1948ல் கூடிய அந்த 38 பேருக்கு என்ன பதில்?

இதற்கு ஒரு பகுதி பதில் 1992ல் வந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் தொடங்கிய நேஷனல் பேரல் ஹார்ஸ் அசோசியேஷன் ஒரு புது முறையைக் கொண்டுவந்தது. எல்லோரும் ஒரே போட்டியில் ஓடுவார்கள். மிக வேகமான நேரத்தை வைத்து முதல் பிரிவு. அதைவிட அரை விநாடி பின்தங்கியதிலிருந்து இரண்டாம் பிரிவு. ஒரு விநாடி பின்தங்கியதிலிருந்து மூன்றாம் பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் தனிப் பரிசு. இதனால் என்ன ஆயிற்று? மிக வேகமான குதிரை வாங்க முடியாதவரும், பண்ணையில் மாடு மடக்கும் குதிரையோடு வந்து நுழைவுக் கட்டணத்தைத் திரும்ப எடுக்க முடிந்தது. நடுத்தரக் குதிரைக்கும் ஒரு மரியாதை, ஒரு விலை கிடைத்தது.

உச்சியில் இன்னும் பணம் பேசத்தான் செய்கிறது. டீசல், தீவனம், ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை லாடம், மருத்துவர் என்று வாங்கிய பிறகு வரும் செலவு வாங்கிய விலையையே விழுங்கிவிடும். ஆனாலும் வயது இங்கே தடையில்லை. ஷார்மெய்ன் 14 வயதில் வென்ற அதே உலகப் பட்டத்தை மேரி பர்கர் என்பவர் 2006ல் 58 வயதிலும், 2016ல் 68 வயதிலும் வென்றார். 14 வயதுச் சிறுமியும் 68 வயதுப் பாட்டியும் ஒரே பட்டத்துக்குப் போட்டியிடும் விளையாட்டு வேறு எது இருக்கிறது? எனக்குத் தெரிந்து ரொம்ப இல்லை.

இன்னொரு 1,100 டாலர் ஸ்காம்பர் வருமா என்று கேட்டால், வரலாம். பல கை மாறிய, கெட்ட பெயர் எடுத்த குதிரை ஏதோ ஒரு பண்ணையில் இப்போதும் நின்றுகொண்டிருக்கும். ஆனால் அது ஓட ஒரு மைதானமும், ஜெயித்தால் ஒழுங்கான பரிசும் இருந்தால்தான் அதன் மதிப்பு வெளியே தெரியும். அந்த மைதானத்தையும் பரிசையும் யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. 1948க்கும் 1998க்கும் நடுவே, ஐம்பது வருடம், கேட்டுக் கேட்டு வாங்கியது.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? பரிசைப் பிரிவு பிரிவாகப் பிரித்துக் கொடுப்பது நல்லதா, இல்லை அது போட்டியின் உயிரைக் குறைத்துவிடுமா? யோசித்துச் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் வேறு ஒரு விஷயத்தோடு சந்திப்போம்.